எண்ணெய்க் குழாயில் ஒளிந்து செல்லும் தண்ணீர்

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பால்மானி என்ற கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. பால் கூட்டுறவுச் சங்கங்களில் நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம். பாலில் மிதக்கவிட்டால் போதும். நல்ல பாலில் அது உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் சற்று அமிழும். (வெண்ணெய் எடுத்த பாலில் தண்ணீர் ஊற்றினால் பால்மானியும் ஏமாந்துபோகும், அது வேறு கதை.) கேனின் நடுவில் மிதக்கவிட்டாலும் ஓரத்தில் மிதக்கவிட்டாலும் விடை ஒன்றுதான். பாலில் ஊற்றிய தண்ணீர் பால் முழுவதும் ஒரே சீராகப் பரவிவிடுவதே அதற்குக் காரணம்.

தண்ணீர் கலந்து வரும் இன்னொரு பண்டம் கச்சா எண்ணெய். இங்கே யாரும் வேண்டுமென்று ஊற்றுவதில்லை. பூமிக்குள்ளிருந்தே தண்ணீர் சேர்ந்து வருகிறது. எவ்வளவு தண்ணீர் என்று அறிய, எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் குழாயிலேயே ஓர் உணர்கருவியைப் பொருத்துகிறார்கள். ஆனால் எண்ணெயும் தண்ணீரும் பாலும் தண்ணீரும் போல ஒட்டி உறவாடுபவை அல்ல. ஒரே கருவியை, ஒரே குழாயில், அதே எண்ணெயில் பத்து மீட்டர் தள்ளிப் பொருத்தினால் வேறு விடை கிடைக்கக்கூடும்! கருவியைச் செய்வதைவிட அதை எங்கே பொருத்துவது என்று முடிவு செய்வதுதான் இங்கே பெரிய வேலை. ஏன் அப்படி என்று பார்ப்போம்.

தண்ணீர் வந்தது எப்படி?

பூமிக்கடியில் எண்ணெய் ஏதோ ஏரிபோல் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை முதலியவற்றின் நுண்துளைகளுக்குள், கடற்பஞ்சில் தண்ணீர் ஊறியிருப்பதுபோல், ஊறிக் கிடக்கிறது. அதே துளைகளில் உப்புநீரும் உண்டு. எண்ணெய் இலேசானது, ஆகவே மேலே இருக்கிறது. உப்புநீர் அதற்கடியில் இருக்கிறது. கிணறு தோண்டி எண்ணெயை எடுக்க எடுக்க, அடியிலுள்ள உப்புநீர் மேலேறி வருகிறது. வயதான எண்ணெய் வயல்களில் எண்ணெயைக் காட்டிலும் தண்ணீரே அதிகமாக வருவதுண்டு.

வயலிலேயே பெரிய கலங்களில் இந்தக் கலவையை நிறுத்தித் தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள். என்றாலும் முழுவதும் பிரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக ஒரு பங்கு எண்ணெய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. கச்சா எண்ணெயில் இயற்கையாகவே உள்ள நிலக்கீல் போன்ற சில பொருள்கள் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய தோல்போல் படர்ந்து, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுத்துவிடுகின்றன. இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர். பாலும் ஒரு பால்மம்தான். ஆனால் பாலில் தண்ணீருக்குள் கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் மிதக்கின்றன.

இப்படித்தான் அரபிக் கடலில் 1974-ல் கண்டறியப்பட்ட மும்பை ஹை வயலிலிருந்து உரான் கரைக்கும், சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி மணலி சுத்திகரிப்பு ஆலைக்கும் குழாய்வழியே செல்லும் கச்சா எண்ணெயோடு சிறிதளவு தண்ணீரும் சேர்ந்தே பயணம் செய்கிறது.

சிறிதளவுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? ஒரு கணக்குப் போடுவோம். மிகப் பெரிய டாங்கர் கப்பல் ஒன்று ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய் எண்ணெய் ஏற்றிவரும். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அந்த எண்ணெயிலுள்ள தண்ணீரை 0.1 சதவீதம் மட்டும் தவறாக அளந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2,000 பீப்பாய், அதாவது 3 லட்சத்து 18 ஆயிரம் லிட்டர் கணக்கில் தவறிவிடும்! வாங்குபவர் தண்ணீருக்கு எண்ணெய் விலை கொடுப்பார். அல்லது விற்பவர் எண்ணெயை இலவசமாகக் கொடுப்பார். இரண்டு நாடுகளுக்கிடையே வாணிபம் நடக்கும்போது இது சிறிய சமாசாரமல்ல.

பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். குழாய் போனால்? வட அமெரிக்காவின் அலாஸ்காவில், பனிப்பாலையின் நடுவே, புருடோ விரிகுடா என்ற பெரிய எண்ணெய் வயல் இருக்கிறது. அங்கே 86 செ.மீ. விட்டமுள்ள எஃகுக் குழாய் ஒன்றின் வழியாக, தண்ணீர் பிரிக்கப்பட்ட எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. வயல் முதுமையடைந்து உற்பத்தி குறைந்துவிட்டதால், அவ்வளவு பெரிய குழாயில் எண்ணெய் மெதுவாகவே நகர்ந்தது. எஞ்சியிருந்த சிறிதளவு தண்ணீரும் வண்டலும் அடியில் படிந்தன. அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் பெருகின. எஃகு உள்ளிருந்தே அரிக்கப்பட்டது. 2006 மார்ச் 2-ஆம் நாள் அந்தப் பக்கமாகச் சென்ற ஒரு தொழிலாளிக்கு எண்ணெய் வாடை அடித்தது. பார்த்தால், பனிக்கடியில் எண்ணெய்க் குளம்! ஒரு பட்டாணி அளவுத் துளை வழியாகப் பல நாட்களாகக் கசிந்து, சுமார் 8 லட்சம் லிட்டர் வெளியேறியிருந்தது. குழாயில் ஓடிய எண்ணெயோடு ஒப்பிட்டால் தண்ணீர் சொற்பம்தான். ஆனால் அது எண்ணெயோடு கலந்து ஓடாமல் அடியில் தங்கிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி பொருத்தும் இடத்தைப் பற்றிப் பேசும்போது இதே சங்கதி மீண்டும் வரும்.

சுத்திகரிப்பு ஆலைக்கும் தண்ணீர் வேண்டாத விருந்தாளி. தண்ணீரில் கரைந்துள்ள மக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகள் சூடேறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கி, காய்ச்சி வடிக்கும் கோபுரத்தின் மேற்பகுதியை அரித்துவிடும். தண்ணீர் நீராவியாகும்போது அதன் பருமன், சாதாரண அழுத்தத்தில், 1,600 மடங்குக்கு மேல் பெருகும். சூடான எண்ணெயில் எதிர்பாராமல் ஒரு தண்ணீர்த் திரள் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று, தாளிக்கும் சட்டியில் ஈரக் கறிவேப்பிலை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சோதனைச் சாலையிலிருந்து குழாய்க்கு

தண்ணீரை அளக்கும் பழைய முறைகள் இன்றும் வழக்கில் உள்ளன. எண்ணெயைக் குழலில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் கனமான தண்ணீர் அடிக்குப் போய்விடும். 1920-ல் டீன், ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கர்கள் வகுத்த முறையில், எண்ணெயோடு டொலுவீன் அல்லது சைலீன் போன்ற கரைப்பானைச் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். ஆவியைக் குளிர்வித்தால் தண்ணீர் தனியே பிரிந்து, அளவு குறித்த சிறு குழலின் அடியில் சேரும், நேரே படித்துக்கொள்ளலாம். மிகச் சிறிய அளவுகளுக்கு, ஜெர்மானிய வேதியியலார் கார்ல் ஃபிஷர் 1935-ல் கண்ட தரம் பார்க்கும் முறை உதவுகிறது.

இவை நம்பகமானவை. ஆனால் ஒரு புட்டி எண்ணெயை எடுத்துச் சென்று, சோதித்து, விடை சொல்வதற்குள் குழாயில் பல்லாயிரம் லிட்டர் ஓடிப் போயிருக்கும். நொடிக்கு நொடி விடை வேண்டுமானால் குழாயிலேயே அளக்க வேண்டும். அதற்குக் கைகொடுப்பது உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் மின்தேக்கிதான்.

இரண்டு உலோகத் தகடுகளை எதிரெதிரே வைத்தால் அது மின்தேக்கி. இடையில் வெற்றிடத்துக்குப் பதிலாக மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருளை நிரப்பினால் அதன் மின்தேக்குத் திறன் கூடும். எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணே அப்பொருளின் மின்காப்பு மாறிலி. கச்சா எண்ணெய்க்கு இது சுமார் 2.3. தண்ணீருக்கோ சுமார் 80! தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் சற்றே மிகுந்திருப்பதால், மின்புலத்தில் அவை அணிவகுத்துத் திரும்பிக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு அந்தக் குணம் இல்லை. இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது அளப்பதற்கென்ன தடை? குழாயின் நடுவில், குழாய்ச் சுவரைத் தொடாதபடி ஓர் உலோகத் தண்டைப் பொருத்தினால், தண்டு ஒரு தகடு. குழாய்ச் சுவர் இன்னொரு தகடு. இடையில் ஓடும் எண்ணெயே மின்காப்புப் பொருள். தண்ணீர் கூடினால் மின்தேக்குத் திறன் கூடும். தத்துவம் இவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் 1 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. கலவையின் மின்காப்பு மாறிலி என்ன?

0.99-ஐ 2.3 ஆல் பெருக்கி, 0.01-ஐ 80 ஆல் பெருக்கிக் கூட்டினால் 3.08 வருகிறது. பெரும்பாலோர் இப்படித்தான் போடுவார்கள். ஒரு தகட்டிலிருந்து எதிர்த் தகடு வரை தண்ணீர் ஒரு சுவர்போல் நின்றால் இது சரி; எண்ணெய் மின்தேக்கியும் தண்ணீர் மின்தேக்கியும் பக்க இணைப்பில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் அதே தண்ணீர் ஒரு தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தால்? இப்போது அவை தொடரிணைப்பில் உள்ளன. தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: விடை 2.32 தான். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை! அது சிறு உருண்டைத் துளிகளாகச் சீராகச் சிதறியிருந்தால் 2.36 கிடைக்கும். உருண்டைகள் சிதறிய கலவைக்குக் கணக்கிடும் வழியை மாக்ஸ்வெல் 1873-லேயே காட்டியிருக்கிறார்.

தண்ணீர் அதே 1 சதவீதம்தான். ஆனால் அது நிற்கும் கோலத்தைப் பொறுத்து 2.32, 2.36, 3.08 என்று மூன்று விடைகள். கருவி தண்ணீரின் அளவை மட்டும் பார்ப்பதில்லை; அது எப்படிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே கருவி இருக்கும் இடத்தில் தண்ணீர் எப்போதும் ஒரே கோலத்தில், சீரான சிறு துளிகளாக, இருந்தால்தான் அதன் எண்ணுக்குப் பொருள் உண்டு.

கருவியை ஏமாற்றும் வேறு சிலவும் உள்ளன. வாயுவின் மின்காப்பு மாறிலி கிட்டத்தட்ட 1. எனவே எண்ணெயில் 1 சதவீதம் வாயுக் குமிழிகள் இருந்தால் மாறிலி குறைந்து, ஏறத்தாழ 0.25 சதவீதத் தண்ணீரை மறைத்துவிடும். வேறு வயலின் எண்ணெய் வந்தால் அதன் மாறிலியே வேறு, 2.3 என்பது 2.32 ஆனாலே கருவி இல்லாத தண்ணீரை 0.3 சதவீதம் வரை காட்டிவிடும். அதனால்தான் பக்கத்திலேயே அடர்த்தியையும் வெப்பநிலையையும் அளந்து திருத்தம் செய்கிறார்கள். தண்ணீர் மிகவும் கூடிவிட்டால் ஒரு கட்டத்தில் பால்மம் தலைகீழாகப் புரண்டு, தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் என்றாகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால் மின்தேக்கி முறை அங்கே கையை விரித்துவிடும். அத்தகைய இடங்களுக்கு நுண்ணலைகளைக் கொண்டு அளக்கும் கருவிகள் உள்ளன.

எங்கே பொருத்துவது?

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு கடலை எண்ணெய் ஊற்றுங்கள். சிறிதளவு தண்ணீரில் நீல மை கலந்து அதில் விட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். குலுக்கி நிறுத்தியவுடன் புட்டி முழுவதும் ஒரே மங்கல் நிறமாக இருக்கும். பெரிய துளிகள் உடனே இறங்கத் தொடங்கும். சிறு துளிகள் நெடுநேரம் அந்தரத்தில் நிற்கும். இப்போது உறிஞ்சு குழல் ஒன்றின் மேல்முனையை விரலால் மூடி, உள்ளே விட்டு, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சிறிது எடுத்துப் பாருங்கள். (வாயால் உறிஞ்ச வேண்டாம்!) மூன்று மாதிரிகள், மூன்று விடைகள். குழாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது.

துளி எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது. வேகம் துளியின் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எண்ணெயின் பாகுநிலை கூடினால் குறையும். தண்ணீரைப்போல் எட்டு, ஒன்பது மடங்கு பாகுநிலையுள்ள ஒரு கச்சா எண்ணெயில் 1 மி.மீ. விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 1 செ.மீ. இறங்கும். குழாயின் விட்டம் அரை மீட்டர் என்றால் மேலிருந்து அடிக்கு வந்துசேர 50 நொடி போதும். எண்ணெய் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதற்குள் அது 75 மீட்டர்தான் போயிருக்கும். துளி 0.1 மி.மீ. ஆனால்? இருமடி விதிப்படி நூறு பங்கு மெதுவாக இறங்கும். அடியைத் தொடுவதற்குள் எண்ணெய் ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆகவே துளிகளைச் சிறியனவாக உடைப்பதும், உடைந்தவுடனே அளப்பதும் முக்கியம்.

உடைப்பது யார்? ஓட்டம்தான். 1883-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாய இழை ஒன்றைவிட்டுச் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டம் மெதுவாக இருந்தபோது இழை நூல்பிடித்தாற்போல் சென்றது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சிதறிக் குழாய் முழுவதும் கலந்துவிட்டது. எண்ணெய்க் குழாயிலும் இத்தகைய சுழற்சி ஓட்டம்தான் துளிகளை உடைத்து, கீழே இறங்கவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. ஓட்டம் மந்தமானால் சுழல்கள் வலுவிழக்கும். தண்ணீர் அடியில் ஓர் ஓடைபோல் தனியே ஓடும். அப்போது குழாயின் உச்சியில் பொருத்திய கருவி ‘தண்ணீரே இல்லை’ என்னும். அடியில் பொருத்திய கருவி ‘எல்லாம் தண்ணீர்’ என்னும். இரண்டும் பழுதில்லாத கருவிகளே. அலாஸ்காவில் குழாய் அரித்துப்போனதும் இத்தகைய மந்த ஓட்டத்தால்தான்.

எனவே படுக்கையாகச் செல்லும் குழாயைவிடச் செங்குத்தாக நிற்கும் குழாயே விரும்பப்படுகிறது. காரணம் எளிது. படுக்கைக் குழாயில் புவியீர்ப்பு துளியைக் குழாயின் குறுக்கே இழுத்து அடிச்சுவரில் சேர்க்கிறது. செங்குத்துக் குழாயில் அது குழாயின் நீளவாட்டத்திலேயே இழுக்கிறது. துளி ஒரு பக்கமாக ஒதுங்க வழியில்லை. நெடுந்தூரம் நிலத்துக்கடியில் படுத்துச் செல்லும் குழாயில் செங்குத்துப் பகுதிக்கு எங்கே போவது? நிலையங்களில் குழாய் தரைக்கு மேலே வரும் இடத்தில், ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஏற்றி இறக்கிவிடுகிறார்கள். ஏறும் காலிலோ இறங்கும் காலிலோ கருவியைப் பொருத்தலாம்.

செங்குத்தாக இருந்தாலும் வேகம் வேண்டும். எண்ணெய் நொடிக்கு 5 செ.மீ. என்று ஊர்ந்து மேலேறுவதாகவும், துளிகள் அதில் 1 செ.மீ. வேகத்தில் இறங்குவதாகவும் கொள்வோம். துளிகளின் நிகர வேகம் 4 செ.மீ. தான். நெரிசலான தெருவில் மெதுவாக நடப்பவர்கள் கூட்டமாகத் தெரிவதுபோல, தண்ணீர் அந்தக் காலில் திரண்டு, உள்ளதைவிட 25 சதவீதம் அதிகமாகத் தெரியும். இறங்கும் காலில் துளிகள் 6 செ.மீ. வேகத்தில் ஓடிவிடுவதால் ஆறில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும். எண்ணெயின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டரானால் இந்தப் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

வளைவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குழாய் வளையும் இடத்தில் ஓட்டம் கலங்குவதால் தண்ணீர் நன்றாகக் கலந்துவிடும் என்று சொல்வார்கள். பாதி உண்மைதான். வளைவில் கனமான தண்ணீர், பேருந்து திரும்பும்போது நாம் சாய்வதுபோல், வெளிப்பக்கம் ஒதுங்கவும் செய்யும். வளைவை ஒட்டியே கருவியை வைப்பது கூடாது. கொஞ்சம் தள்ளி, ஓட்டம் சமனானபின், ஆனால் துளிகள் மறுபடி இறங்கத் தொடங்குமுன் வைக்க வேண்டும். பம்புக்கு முந்திய உறிஞ்சும் பக்கமும் ஆகாது. அங்கே அழுத்தம் குறைவாதலால் வாயுக் குமிழிகள் பிரியும். பம்பைத் தாண்டிய பக்கத்தில் அழுத்தமும் உண்டு, இறக்கைகளால் அடிபட்டு நொறுங்கிய துளிகளும் உண்டு. அதுவே நல்ல இடம். எங்குமே போதிய கலக்கம் கிடைக்காவிட்டால், குழாய்க்குள் முறுக்கிய தகடுகளைப் பொருத்தி எண்ணெயைக் கலக்கிவிடுகிறார்கள்.

ஓடும் குழாயில் துளை போடுவது

புதிய குழாயானால் கருவிக்கென்று ஒரு வாய் வைத்தே பற்றவைத்துவிடலாம். எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும் பழைய குழாயில் எப்படிப் பொருத்துவது? ஓட்டத்தை நிறுத்தாமலே செய்யும் வேலை ஒன்று உண்டு. கேட்டால் நடுக்கமாக இருக்கும்!

முதலில் கேளா ஒலி அலைகளைச் செலுத்திக் குழாய்ச் சுவரின் தடிமனை அளக்கிறார்கள். சுவர் போதிய கனமாக இருந்தால்தான் மேலே பேச்சு. பிறகு அதன்மேல் ஒரு குட்டைக் குழாயைப் பற்றவைக்கிறார்கள். உள்ளே எண்ணெய் ஓடிக்கொண்டே இருப்பதால் அது வெப்பத்தை வாங்கிச் சென்றுவிடும். சுவர் உருகி ஓட்டையாகாது. குழாய் முழுக்க எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். காற்றோடு கலந்த ஆவி உள்ளே இருந்தால் வெடிக்கும். குட்டைக் குழாயின்மேல் முழுதாகத் திறக்கும் வால்வு ஒன்றையும், அதன்மேல் கசியாத உறைக்குள் அமைந்த துளைக்கருவியையும் பூட்டுகிறார்கள். திறந்த வால்வின் வழியே துளைக்கருவி உள்ளே சென்று குழாய்ச் சுவரை வட்டமாக அறுக்கும். அறுபட்ட எஃகு வில்லை எண்ணெயோடு போய்விடாதபடி அதைப் பிடித்துக்கொண்டே வெளிவரும். வால்வை மூடிவிட்டுத் துளைக்கருவியைக் கழற்றினால், உணர்கருவிக்கு வாசல் தயார். ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தியிருக்காது.

அந்த வாசல் வழியே உணர்கருவியின் தண்டை இறக்கி, அதன் முனை குழாயின் நடுப்பகுதியில் நிற்குமாறு பூட்டுகிறார்கள். சுவரை ஒட்டிய ஓட்டம் மந்தமானது. அங்கே மெழுகும் படியும். தண்டை வெளியே இழுத்துக்கொள்ளும் வசதியும் வேண்டும். குழாயின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய, அதன் விட்டத்துக்கே பொருந்தும் ஓர் உருளையை எண்ணெயோடு அவ்வப்போது ஓட்டுவார்கள். உருளை வருமுன் தண்டை இழுக்க மறந்தால், தண்டும் போகும், உருளையும் சிக்கிக்கொள்ளும். மின்சுற்றுகள் இருக்கும் பெட்டியோ, உள்ளே தீப்பொறி எழுந்தாலும் அது வெளியே வராதபடி தடித்த உலோகத்தால் ஆனது.

தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

எல்லாம் பொருத்தியாயிற்று. கருவி 0.3 சதவீதம் என்று காட்டுகிறது. நம்பலாமா? இதற்கென்று பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்துள்ள நெறிகளில், எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. எண்ணெயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் அது! பால்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் செயலை இங்கே சோதனையாளரே அளந்து செய்கிறார்.

முதலில், பல உயரங்களில் வாய் திறந்த குழல்களைக் குழாய்க்குள் விட்டு, உச்சியிலிருந்து அடிவரை ஒரே நேரத்தில் மாதிரிகள் எடுக்கிறார்கள். உச்சியிலுள்ள தண்ணீரின் அளவு, அடியிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் இருந்தால் நன்றாகக் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதன்பின், கருவிக்கு வெகு முன்னாலேயே தண்ணீரை அளந்து செலுத்துகிறார்கள். மணிக்கு 500 கன மீட்டர் எண்ணெய் ஓடும் குழாயில் மணிக்கு 5 கன மீட்டர் தண்ணீர் விட்டால், 505-ல் 5, அதாவது 0.99 சதவீதம் கூட வேண்டும். கருவி 0.3-லிருந்து 1.29-ஐ ஒட்டி ஏறினால் இடமும் கருவியும் சரி. 0.9 வரையே ஏறினால் மீதித் தண்ணீர் எங்கோ அடியில் கண்ணுக்குப் படாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் குழாயில் எண்ணெய் எப்போதாவது ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். வேகமாக ஓடும்போது எந்த இடமும் நல்ல இடமாகவே தெரியும். தண்ணீரை நிறுத்திய பிறகும் கருவியை விட்டு நகரக்கூடாது. எண் சட்டென்று இறங்கிப் பழைய 0.3-க்கே வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காமல் 0.5, 0.45 என்று மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி குழாயின் அடியில் படுத்துவிட்டது, இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் என்ன, தண்டை வெளியே இழுத்து, வால்வை மூடிவிட்டு, வேறு இடம் தேட வேண்டியதுதான்.